அசையாமல் கிடந்த மூன்று விநாடி

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் மன்னித்துவிடு. கையில் போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். போனில் எனக்குப் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. போன வாரம் நீ கூப்பிட்டபோது நாலு நிமிடமும் நீதான் பேசினாய். நான் "உம்" கொட்டினேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமா? "நெசமாவே நல்லா இருக்கானான்னு இன்னொரு தரம் கேளு" என்று அம்மா சொன்னாள். அதனால் இரண்டாவது தரமும் கேட்டதாக வைத்துக்கொள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடங்கள் மூலமாகப் பெற்றோருக்குப் போகும் ஒரு சின்னப் பத்திரிகை. எந்தப் படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று சொல்வதுதான் எங்கள் தொழில். கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. பன்னிரண்டு நாற்காலி போட்ட ஒரு இருட்டறை. அதில் கைப்பிடி உடைந்த நாற்காலி என்னுடையது. படம் பார்த்து முடித்ததும் ஒரு பச்சைத் தாளில் இரண்டு மதிப்பெண் போட வேண்டும். பொழுதுபோக்குக்குப் பத்துக்கு எவ்வளவு, நற்பண்புக்குப் பத்துக்கு எவ்வளவு. எங்கள் ஆசிரியர் முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். அதனால் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. குடித்தால் அரை மதிப்பெண் குறை. பெரியவரை எதிர்த்துப் பேசிவிட்டுக் கடைசிவரை மன்னிப்புக் கேட்காவிட்டால் ஒன்று குறை. அடி விழுந்தால் அடிக்கு இவ்வளவு என்று குறை.

ஏழாவது விதியைப் படித்ததும் உன் நினைவு வந்தது. "பெயரில்லாத அடியாட்கள் வாங்கும் அடியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்." ஏன் சார் என்று கேட்டேன். அந்த வாரம் நான் வாய் திறந்து கேட்ட ஒரே கேள்வி அதுதான். "அவங்களையும் எண்ணினா ஒரு படமும் பாஸ் ஆகாதேம்மா" என்றார். நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே சொன்னார்.

நீ இருக்கும் படங்களை முன்கூட்டியே எழுது. தேடிப் பார்க்கிறேன்.

உன் தங்கை,
பூனை


ஜனவரி 26

அன்பான பூனைக்கு,

கரப்பான் எழுதிக்கொள்வது. நான் நல்லா இருக்கேன், ரெண்டு தரமும் நல்லா இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லு. இங்க எல்லாரும் என்னைக் கரப்பான்னுதான் கூப்பிடுறாங்க, மிதிச்சாலும் எந்திரிச்சு ஓடுறேனாம். நம்ம வீட்ல பூனையும் கரப்பானும் ஒரே வயித்துல பொறந்திருக்கு பாரு.

வேலை கெடச்சதைக் கேட்டு ரோப் அண்ணனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன். ரூம்ல என்கூட இருக்காரே, எங்களைக் கயித்துல கட்டித் தொங்கவிடுற மனுஷன். "தங்கச்சி படம் பார்த்தா காசு தர்றாங்களாண்ணே"ன்னேன். "உனக்கு விழுந்தாத்தானே தர்றாங்க, படிச்சவங்க உக்காந்தே சம்பாதிக்கறாங்க"ன்னார். வயிறு நெறஞ்சு போச்சு எனக்கு.

ஆனா உன் கணக்கு வாத்தியார்கிட்ட ஒண்ணு சொல்லு. சண்டைப் படத்துல யாரும் யாரையும் தொடறதே இல்ல. ஹீரோ கை என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் போகும், நான் பறந்து போய் விழுவேன். அவர் கையை உதறிட்டு, "அடிபட்டுச்சாப்பா?"ன்னு கேப்பார். நிஜமா பளார்னு விழறது குடும்பப் படத்துலதான். கிட்டத்துல கேமரா இருக்கே, ஏமாத்த முடியாது. மருமகளா நடிச்ச பொண்ணு கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சு, ஐஸ் வச்சுக்கிட்டு உக்காந்திருந்ததை நான் பாத்திருக்கேன். அந்தப் படத்துக்கு நற்பண்பு எட்டோ ஒன்பதோ குடுத்திருப்பீங்க. பொய்யா அடிச்சா மூணு, மெய்யா அடிச்சா ஒன்பது. நல்லா இருக்கு உங்க பச்சைத் தாளு.

அடுத்த மாசம் ரயில் சண்டைப் படம் ஒண்ணு வரும். பெட்டி மேல மஞ்சள் சட்டை போட்டு மூணாவதா நிக்கிறவன் நான். கால் ஆட்டியிருக்கேன், அம்மாவைப் பாக்கச் சொல்லு. ஆபீஸ்ல மட்டும் அண்ணன்னு சொல்லிடாத. மதிப்பு போயிடும். உன் மதிப்பைத்தான் சொல்றேன்.

இப்படிக்கு, இன்னும் மிதிபடாத
கரப்பான்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ரயில் படத்தை ஆபீசில் ஒரு முறையும் அம்மாவோடு தியேட்டரில் ஒரு முறையும் பார்த்தேன். தியேட்டரில் நடந்ததைக் கேள். நீ பெட்டி மேலிருந்து மணலில் விழுந்தாய். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உருண்டு, குப்புறக் கிடந்து, இடது காலை ஒரு தரம் லேசாக ஆட்டினாய். "ஆட்டிட்டான்!" என்று அம்மா சத்தமாகவே சொல்லிவிட்டாள். முன் வரிசைக்காரர் திரும்பி, "யாரும்மா, என்னத்த ஆட்டிட்டான்?" என்றார். நான் நாற்காலிக்குள் புதைந்துபோனேன். அம்மாவோ, "என் புள்ளைங்க. நல்லா இருக்கேன்னு சொல்றான்" என்றாள். அவர் திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அதற்குள் ஹீரோ உன்னைத் தாண்டி நாலு பெட்டி ஓடிவிட்டார்.

பதினாலு வருடமாக நீ இப்படிக் கால் ஆட்டுகிறாய். அது படப்பிடிப்பில் இருப்பவர்களுக்கான அடையாளம், அடிபடவில்லை என்று கயிற்றுக்காரருக்குச் சொல்வது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்காகவே ஆட்டுகிறாய் என்று நினைக்கிறாள். நான் திருத்தவில்லை.

படத்துக்குப் பொழுதுபோக்கு ஏழு, நற்பண்பு மூன்று. மன்னித்துக்கொள். ஏழாவது விதிப்படி நீ வாங்கிய அடி கணக்கில் வராததால்தான் அந்த மூன்று மதிப்பெண்ணாவது வந்தது. அதுவும் ஒருவகையில் நீ சம்பாதித்துக் கொடுத்ததுதான். என் படிப்பைப் போல.

அடுத்தது எந்தப் படம்?

அன்புடன்,
பூனை


மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? பிப்ரவரியிலிருந்து பதில் வராமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் வந்து சேர்ந்ததா? போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பாரில்லை. ஒரு தரம் யாரோ எடுத்து, "ஷூட்டிங்ல இருக்கான்மா" என்று வைத்துவிட்டார்கள்.

தினமும் வேலை விட்டு வரும்போது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் என் பையைப் பார்க்கிறாள். நேற்று உன் பழைய கடிதத்தையே புதிதாக வந்ததுபோல் படித்துக் காட்டினேன். "இதான் ஜனவரியிலேயே படிச்சியே" என்றாள்.

இரண்டு வரி போதும்.

பூனை


ஏப்ரல் 20

அன்பான பூனைக்கு,

கையெழுத்து மாறியிருக்கேன்னு பயப்படாத. நான் சொல்லச் சொல்ல ரோப் அண்ணன் எழுதறார். அவர் கோழி கிளறின மாதிரிதான் எழுதுவார், பொறுத்துக்கோ. (கிளறல் இல்லை தங்கச்சி, தெளிவாத்தான் எழுதறேன்.)

ஒண்ணுமில்ல. சைக்கிள்ல போனப்ப பள்ளத்துல விட்டு விழுந்துட்டேன். வலது கையில சுளுக்கு, கட்டு போட்டிருக்கு. ரயில் மேல இருந்து விழுந்தவன் சைக்கிள்ல இருந்து விழுந்தான்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். அதனால ரெண்டு மாசம் வேலைக்குப் போகாம ஒளிஞ்சிக்கிட்டு இருக்கேன். ராஜா மாதிரி படுத்திருக்கேன். ரோப் அண்ணன் சோறு பிசைஞ்சு தர்றார். பொண்டாட்டி இல்லாத குறை தீந்துச்சு. (இதை நான் எழுத மாட்டேன்னு சொன்னேன்.)

அம்மாகிட்ட கை சுளுக்குன்னு சொல்லாத. பேனா தொலஞ்சு போச்சுன்னு சொல்லு.

எல்லாம் சரியாயிடும்.

கரப்பான்


ஜூலை 8

அன்புள்ள அண்ணனுக்கு,

கை எப்படி இருக்கிறது? மே மாதமும் ஜூன் மாதமும் வந்த கடிதங்களும் ரோப் அண்ணன் கையெழுத்தில்தான் இருந்தன. சுளுக்கு நாலு மாதமா இருக்கும்? அம்மாவிடம் பேனா இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். "கடையில வேற பேனாவே இல்லையாமா?" என்றாள். நம்மைவிட அவளுக்குத்தான் படிப்பு அதிகம்.

ஒரு நல்ல செய்தி. என் பெயரின் முதலெழுத்தைப் போட்டு ஒரு குறிப்பு அச்சாகியிருக்கிறது. இந்த மாதம் வந்த குடும்பப் படம். ஒரு தாய், மூன்று மகன்கள், ஒரு வீடு. யாருக்கு எந்த அறை என்று சண்டை. பெரியவன் கோபத்தில் கதவைத் தள்ள, கதவுக்குப் பின்னால் நின்ற தாய் மாடிப்படியில் உருண்டு விழுகிறாள். இருபத்திரண்டு படி. நடுவில் வெட்டே இல்லை. கீழே வந்து, நரைத்த முடி முகத்தை மூட, அசையாமல் கிடக்கிறாள். மகன்கள் மூவரும் மேலே நின்றபடி பார்க்கிறார்கள். பாட்டு இல்லை, சத்தம் இல்லை. மூன்று விநாடி. எங்கள் அறையில் பன்னிரண்டு நாற்காலியிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம். பக்கத்து நாற்காலி அக்கா எப்போதும் கைக்குட்டை நனைகிற அளவை வைத்துத்தான் மார்க் போடுவாள். "ரெண்டு கைக்குட்டைடி" என்றாள். நானும் அழுதேன்.

நான் எழுதியது இது: "விழுந்தபின் அந்தத் தாய் அசையாமல் கிடக்கும் மூன்று விநாடிகள், இந்த ஆண்டு நான் கண்ட மிகச் சிறந்த நடிப்பு. வீட்டுக்குள் காட்டும் கோபம் எங்கே போய் முடியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த அமைதியே போதும். பொழுதுபோக்கு எட்டு, நற்பண்பு ஒன்பது." கணக்கு சார் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஒன்பது என்பது எங்கள் பத்திரிகையில் அபூர்வம்.

அம்மாவையும் அழைத்துப் போனேன். அவள் மட்டும் அழவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடவும் இல்லை. "என்னம்மா?" என்றேன். "அந்தம்மா விழுந்தது நம்ம ஆளு விழற மாதிரி இருந்துச்சு" என்றாள். "அது அந்த நடிகையம்மா. அவங்க எப்படி நம்ம ஆளாவாங்க?" என்று சிரித்தேன்.

பதில் எழுது. உன் கையெழுத்தில்.

பூனை


ஜூலை 30

பூனைக்கு,

எடது கையால எழுதறேன். ஒண்ணாம் கிளாஸ் புள்ள எழுத்துன்னு கேலி பண்ணாத. அதைவிடக் கேவலமா இருக்குன்னு எனக்கே தெரியும். நான் நலம். அம்மா?

உக்காந்துக்கோ. ஒண்ணு சொல்றேன். அந்த மாடிப்படியில விழுந்தது யாருன்னு நெனச்ச?

நான்தான்! அந்தம்மாவோட உடுப்பு, நரைச்ச விக், கையில வளையல். ஒல்லியா இருக்கேன்னு என்னைப் புடிச்சாங்க. மீசையை எடுக்கச் சொன்னப்பதான் கண்ணுல தண்ணி வந்துச்சு. பதினேழு வயசுல இருந்து வளத்த மீசை. ரோப் அண்ணன் அன்னைக்குப் பூரா என்னை "பெரியம்மா"ன்னே கூப்பிட்டார். அம்மா கண்டுபிடிச்சுட்டா பாரு! படிச்ச புள்ள நீ கோட்டை விட்டுட்ட.

இன்னும் கேளு. நீ எழுதினதை டைரக்டர் வெட்டி ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கார். எங்க சண்டை மாஸ்டர் என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். ஒரு எழுத்து விடாம மூணு தரம் படிச்சேன். நீதான் எழுதினேன்னு நான் சொல்லல. டைரக்டர் என் தோள்ல கை போட்டு, "அடுத்த படத்துலயும் எனக்கு அந்த மூணு விநாடி வேணும்"ன்னார். அது சண்டைப் படம். மூணு மாடி மொட்டை மாடியில இருந்து கீழ. விழுந்து அசையாம கெடக்கணும். செப்டம்பர் பதினாலு.

டைட்டில்ல என் பேரைப் போடறாங்களாம். என் பேரு, பூனை! தனியா, ஒரு வரியில. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நீ வெரலால தொட்டுக் காட்டு.

பேரு வரப்போற
கரப்பான்


ஆகஸ்ட் 6

மதிப்புக்குரிய ரோப் அண்ணனுக்கு,

நீங்கள் நலமா? என்னை நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் கையெழுத்தை மட்டும் மூன்று மாதம் படித்திருக்கிறேன். உங்களுக்கு நேராக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பதிலை என் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அண்ணன் கடிதம் வந்ததும் அந்தப் படிக்கட்டுக் காட்சியைத் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பதினொரு தரம். இப்போது அது அண்ணன்தான் என்று தெரிகிறது. அந்த உள்ளங்கால் எனக்குத் தெரியாதா? ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்பதாவது படியில் தலை சுவரில் படுகிறது. அதற்குப் பிறகு கைகள் தலையைக் காப்பாற்ற வரவே இல்லை. மீதிப் படிகளில் மூட்டை உருளுவதுபோல உருளுகிறது. கீழே கிடக்கும்போது கால் ஆடவில்லை.

அது நடிப்பா, அண்ணா?

படிக்கட்டுக் காட்சியை எந்த மாதம் எடுத்தார்கள்? அவர் சைக்கிளில் விழுந்தது எந்த மாதம்?

வணக்கத்துடன்,
உங்கள் அறைத் தோழரின் தங்கை


ஆகஸ்ட் 19

தங்கச்சிக்கு ரோப் அண்ணன் எழுதறது. நல்லா இரும்மா.

உன் கடுதாசி வந்து ஒன்பது நாளாச்சு. தினமும் பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போறேன், வரேன். பொய் எழுத என்னால முடியல. ஏற்கனவே அவன் சொல்லி நான் எழுதின பொய்யே போதும்.

கரப்பானுக்கு சைக்கிளே கெடையாது.

மார்ச் மூணாந்தேதி அந்தப் படிக்கட்டு எடுத்தோம். ஒன்பதாம் படின்னு நீ சொன்னது சரி. அசையக் கூடாதுன்னு அவன்கிட்ட சொல்லியிருந்தாங்க. அதனால அவன் அசையலைன்னு யாருக்கும் சந்தேகம் வரல. கட் சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேம்மா. தட்டி முடிச்ச பொறவுதான், இன்னும் கெடக்கறானேன்னு தோணுச்சு. ஓடிப்போய் விக்கை எடுத்தா, கண்ணு பாதி தெறந்திருக்கு. பதினோரு நிமிஷம். அப்புறம்தான் முழிச்சான். முழிச்சதும், "டேக் ஓகேவாண்ணே?"ன்னு கேட்டான்.

வலது கையில ரெண்டு வெரல் மடங்கல. கழுத்து எலும்பை டாக்டர் படம் புடிச்சுப் பாத்துட்டு, இனிமே ஒரு அடி விழுந்தா கழுத்துக்குக் கீழ ஒண்ணும் வேலை செய்யாதுன்னு எழுதிக் குடுத்தார். அந்தத் தாளை மடிச்சுப் பெட்டிக்கு அடியில வச்சிருக்கான். மாஸ்டருக்குத் தெரியாது. தெரிஞ்சா வேலை குடுக்க மாட்டார். நான் சொல்றேன்னு கெளம்பினேன். "சொன்னா இந்த ரூம்ல நீ இருக்கற, நான் இல்ல"ன்னுட்டான்.

பதினாலாந்தேதி அவனுக்குக் கயிறு கட்டப்போறது நான். என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல. நீ படிச்ச புள்ள, ஏதாவது பண்ணு.


செப்டம்பர் 2

பூனைக்கு,

ரோப் அண்ணன் எல்லாத்தையும் கக்கிட்டார். முகமே காட்டிக் குடுத்துருச்சு. அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சீட்டாடக்கூட முடியாது.

அம்மாவுக்குத் தெரியாதுல்ல? நல்லது.

எடது கையில எழுதறது வலிக்குது, சுருக்கமாச் சொல்றேன். பதினாலு வருஷமா விழறேன். எத்தனை பேர் எத்தனை எழுதியிருப்பாங்க, ஹீரோ மூக்கைப் பத்தி, ஹீரோயின் ஜிமிக்கியைப் பத்தி. என்னைப் பத்தி ஒரு வரி? நீ எழுதின. அண்ணன்னு தெரிஞ்சு எழுதியிருந்தா அது ஓசி மார்க்கு. நீ ஆள் யாருன்னே தெரியாம எழுதின. அழுதேன்னு எழுதின. அந்த ஒன்பது எனக்கு வந்தது. வேற யாருக்கும் இல்ல.

நடிப்பு இல்லையே, மயக்கம்தானேன்னு நீ கேப்ப. இந்தத் தடவை நடிப்பேன். நடிச்சுக் காட்டறேன்.

ஒண்ணே ஒண்ணு. வேணாம்ங்கற அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதிடாத. சின்ன வயசுல இருந்து நீ எங்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. பென்சில் தீந்தாக்கூட கேக்க மாட்ட, நானாப் பாத்து வாங்கித் தரணும். நீ வாயைத் தெறந்து ஒண்ணு கேட்டா என்னால முடியாதுன்னு சொல்ல முடியாது. அதனால கேக்காத.

கரப்பான்


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்பாய். இந்த முறை கேட்கவில்லை. அம்மா நலம். நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன்.

ரோப் அண்ணன் கடிதம் வந்த அன்றே கணக்கு சாரிடம் போனேன். அந்த ஒன்பதை எடுத்துவிட வேண்டும் என்றேன். "அச்சாகி ஒன்றரை மாசம் ஆச்சேம்மா" என்றார். திருத்தம் போடலாமே என்றேன். "எந்த விதிப்படி குறைக்கணும்?" என்று பச்சைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நின்றபடியே மேலிருந்து கீழாகப் படித்தேன். தாய் பாத்திரத்துக்குப் பெயர் இருக்கிறது, மகன் பெற்ற தண்டனைக்கு மதிப்பெண் இருக்கிறது. விழுந்தவனுக்கு ஒன்றும் இல்லை. விழுந்தது யார் என்று சொன்னேன். ஆபீசில் முதல் முறையாக, என் அண்ணன் என்று சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "திரையில தெரியறதுக்குத்தாம்மா நாம மார்க் போடறோம். திரைக்குப் பின்னாடி போனா எந்தப் படத்துக்கும் போட முடியாது" என்றார். பிறகு, "உங்கண்ணன் எழுதிக் குடுத்தா நான் போடறேன். குடுப்பாரா?" என்றார். எழுதிக் கொடுத்தால் உன்னை இனி யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? "மாட்டார் சார்" என்று சொல்லிவிட்டு உடைந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அன்று ஒரு சண்டைப் படம். எண்ணிக்கொண்டே இருந்தேன். பெயரில்லாதவர்கள் நாற்பத்தொரு பேர் விழுந்தார்கள். ஆறு பேர் எழுந்ததைக் காட்டினார்கள்.

அந்த மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. நீ அந்த அறையைவிட்டுப் போய்விட்டால் உனக்குச் சோறு பிசைந்து கொடுக்கவும் ஆள் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்தேனே, நினைவிருக்கிறதா? காலையிலிருந்து ஒத்திகை பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். நீ எடுத்தாய். "சாப்டியா?" என்று கேட்டேன். "சாப்டேன், நீ?" என்றாய். "சாப்டேன்" என்றேன். நீ வைத்துவிட்டாய். தாள் என் கையிலேயே இருந்தது.

அதனால்தான் மறுபடி இந்தக் காகிதம். கூரியரில் அனுப்புகிறேன், ரோப் அண்ணன் பெயருக்கு. பன்னிரண்டாம் தேதி சேர்ந்துவிடும் என்றார் கடைக்காரர். நிச்சயமா என்று கேட்டேன். "சேரும்மா, சேரும்" என்றார். அந்த இரண்டாவது "சேரும்" எனக்குப் பிடிக்கவில்லை.

நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது, அண்ணா. அந்த இடது கைக் கடிதத்தில் உன் பெயர் வரப்போவதைப் பற்றிய வரியில் மட்டும் எழுத்து நேராக இருக்கிறது. அதைப் பிடுங்க நான் யார் என்று நினைக்கிறேன். நீ விழுந்து விழுந்து படிக்க வைத்தாய். நான் படித்த படிப்பு, நீ மயங்கிக் கிடந்ததற்கு மார்க் போட்டது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று அவளாகவே கேட்டாள். "அந்தப் படியில விழுந்தப்ப ஏன் அவன் கால ஆட்டல?" அது நீதான் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. "அம்மா வேஷம்மா, ஆட்டக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க" என்றேன். "யாரு சொன்னாலும் எனக்கு ஆட்டுவானே" என்றாள்.

இதைக் கேட்கலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன்: கட் சொன்னதும், கை தட்டுவதற்கு முன்னால், காலை ஒரு தரம் ஆட்டிவிடு. கேமரா நின்றிருக்கும், படத்தில் வராது. ரோப் அண்ணன் பார்த்து எனக்குச் சொல்லட்டும். இதில் உன் மூன்று விநாடிக்கு ஒரு குறையும் வராது, உன் பெயருக்கும் வராது. நாலு நாளாக இந்த வேண்டுகோளைத்தான் அழகாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத எழுத, ஆடாத கால்தான் கண்ணில் தெரிகிறது.

பென்சில் தீர்ந்தபோதெல்லாம் நான் கேட்காமலே நீ பார்த்துக்கொண்டாய். இதையும் நீயாகவே பார்த்துக்கொள்வாய் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். நீ பார்க்க மாட்டாய் என்று இப்போது தெரிகிறது. என்னிடம் வேறு வழி எதுவும் இல்லை. கேட்காதே என்று நீ சொன்னது மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

விழ வேண்டாம், அண்ணா. வீட்டுக்கு வந்துவிடு.

பூனை